அல்சூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம்: வலப்புறப் பத்தியை வைத்து ஒரு மதிப்பீடு

பெங்களூரில் ரத்தப் பரிசோதனைக்கு இடமில்லை என்று யாரும் குறைப்பட முடியாது. கைப்பேசியில் பதிவு செய்தால் விடிந்ததும் வாசலில் ஆள் வந்து நிற்கிறார், மாலைக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. எனவே வேகத்தையும் தள்ளுபடியையும் வைத்து ஓர் ஆய்வகத்தை மதிப்பிடுவதில் எனக்கு நாட்டமில்லை. ஒரு மருத்துவமனையின் உயிர்வேதியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், எந்த ரிப்போர்ட் கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதன் வலப்புறப் பத்தியைத்தான். நார்மல் ரேஞ்ச் என்று எல்லோரும் சொல்லும் மேற்கோள் வரம்பு அங்கேதான் அச்சாகிறது. இடப்புறத்தில் இருக்கும் எண்ணை இயந்திரம் தந்துவிடும். அந்த எண் எதோடு ஒப்பிடப்படுகிறது என்பதற்கு ஆய்வகம்தான் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஒழுங்காக ஏற்றிருக்கும் ஓர் இடமாக, அல்சூர் கடைவீதிக்குப் பின்தெருவில் முதல் மாடியில் இயங்கும் ஒரு சிறிய ஆய்வகத்தைச் சில ஆண்டுகளாக நாங்கள் பயன்படுத்தி வருகிறோம். இது விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் இங்கே கவனித்தவற்றை நீங்கள் போகும் எந்த ஆய்வகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வரம்பு எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் என் மதிப்பீட்டின் அடிப்படை விளங்கும். நோயற்றவர்கள் என்று முன்கூட்டியே வரையறுத்துத் தேர்ந்தெடுத்த ஒரு கூட்டத்தாரின் ரத்தத்தைப் பரிசோதித்து, கிடைத்த மதிப்புகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கி, கீழே 2.5 சதவீதத்தையும் மேலே 2.5 சதவீதத்தையும் விலக்கிவிட்டு நடுவிலுள்ள 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான முறை. பின்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ரால்ஃப் கிராஸ்பெக்கும் சாரிஸும் 1969-இல் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த முறை இது. ஆய்வகங்களுக்கான தரநெறிகளை வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் வழிகாட்டுதல்படி, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 120 பேர் வேண்டும். ஆண், பெண் என்று பிரித்தால் 240, அதில் வயதுப் பிரிவுகளும் சேர்ந்தால் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும். மருந்து எடுப்பவர்கள், கருவுற்றவர்கள், அண்மையில் காய்ச்சல் கண்டவர்கள் ஆகியோரை நீக்க வேண்டும். எல்லோரிடமும் ஒரே நேரத்தில், ஒரே விதமாக ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு தெருமுனை ஆய்வகத்தால் இதைச் செய்ய இயலாது. பெரிய மருத்துவமனைகளிலேயே இது அரிது.

அப்படியானால் சிறிய ஆய்வகம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கும் அதே வழிகாட்டுதலில் பதில் இருக்கிறது. இயந்திரம் செய்த நிறுவனமோ வேறோர் ஆய்வகமோ முறையாகக் கண்டறிந்த வரம்பை எடுத்துக்கொண்டு, தன்னிடம் வரும் மக்களைப் போன்ற 20 ஆரோக்கியமானவர்களின் மாதிரிகளைத் தன் இயந்திரத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். வரம்புக்கு வெளியே விழுபவர்கள் இரண்டு பேருக்கு மேல் இல்லையென்றால் அந்த வரம்பை ஏற்கலாம். மிகுந்தால் காரணத்தைத் தேட வேண்டும். செலவும் உழைப்பும் அதிகமில்லாத இந்தச் சிறு சோதனையைக்கூடச் செய்யாமல், இயந்திரத்தோடு வந்த துண்டுத்தாளில் இருப்பதை அப்படியே கணினியில் ஏற்றிவிடுகிற ஆய்வகங்கள் உண்டு என்பதைப் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

அல்சூர் ஆய்வகத்தின் பொறுப்பு மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் வியக்கவுமில்லை, தயங்கவுமில்லை. அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து என் முன் விரித்தார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு பக்கம்; வரம்பு எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது, இருபது பேரில் எத்தனை பேர் வெளியே விழுந்தார்கள், இயந்திரத்தை மாற்றியபோது மீண்டும் பார்க்கப்பட்டதா என்பதெல்லாம் கையெழுத்துடன் இருந்தன. நான் நீண்ட நேரம் நின்று படித்தது வைட்டமின் பி12-க்கான பக்கத்தை. அங்கே கணிசமானவர்கள் கீழெல்லைக்கும் கீழே விழுந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சைவ உணவினர் என்று ஓரத்தில் குறித்திருந்தார்கள். இதற்கு எளிதான வழி வரம்பையே கீழே இறக்கிவிடுவது. ஆனால் ஊரில் பலருக்கும் ஒரு சத்து குறைவாக இருக்கிறது என்பதற்காக அந்தக் குறைவையே இயல்பு என்று அச்சடித்தால் ரிப்போர்ட் நோயாளிக்குச் செய்யும் உதவிதான் என்ன? அவர்கள் வரம்பை மாற்றாமல், மதிப்பு எல்லையோரத்தில் இருந்தால், பி12 குறையும்போது ரத்தத்தில் உயரும் மெத்தில்மலோனிக் அமிலத்தையோ ஹோமோசிஸ்டீனையோ பார்ப்பது குறித்து மருத்துவரிடம் கேட்கலாம் என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்கள். ஓர் ஆய்வகம் சிந்திக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளத்தை நான் கேட்க மாட்டேன்.

ஹீமோகுளோபின் பக்கத்திலும் ஒரு குறிப்பு இருந்தது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூட உடல் ஹீமோகுளோபினைச் சற்றுக் கூடுதலாக உற்பத்தி செய்துகொள்ளும் என்பதால், ரத்தசோகையைக் கணிக்கும்போது உயரத்துக்கேற்ற திருத்தம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தத் திருத்தத்தை 500 மீட்டரிலிருந்தே தொடங்குகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் மாறி மாறி வாழும் குடும்பங்கள் நம்மில் எத்தனையோ; கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரண்டு ஊர்களிலும் எடுத்த ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இந்தச் சிறு திருத்தம் நினைவில் இருப்பது நல்லது.

இனி என் தாயாரின் விஷயம். எண்பதைக் கடந்த அவருக்கு, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் வேறொரு நிறுவனத்தில் முன்பு ஒரு பேக்கேஜ் எடுத்திருந்தோம். தைராய்டு சுரப்பு குறைந்தால் உயரும் டி.எஸ்.ஹெச். 6.1 என்று வந்து, மேலெல்லை 4.2 என்பதால் சிவப்பில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். உறவினர்கள் அனைவரும் தைராய்டு மாத்திரையைத் தொடங்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். இளையோருக்கும் முதியோருக்கும் ஒரே எல்லையை வைத்தது அந்த ரிப்போர்ட்டின் முதல் குறை. தைராய்டு நோயற்ற முதியவர்களில் டி.எஸ்.ஹெச். இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும். அமெரிக்காவின் தேசிய ஆய்வுத் தரவுகளில் 80 வயதைக் கடந்தோரின் மேலெல்லை ஏறத்தாழ 7.5 என்று காணப்பட்டது. அல்சூரில் மீண்டும் பார்த்தபோது டி.எஸ்.ஹெச்.சுடன் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துப் பார்த்து, அது இயல்பாக இருப்பதைச் சுட்டி, வயதைக் கருத்தில் கொண்டு இரண்டு மூன்று மாதங்கள் கழித்து அதே ஆய்வகத்தில், அதே நேரத்தில் மறுபடி பார்ப்பது பொருத்தம் என்று குறிப்பெழுதினார்கள். அதே ஆய்வகம் என்பதை அவர்கள் வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கச் சொல்லவில்லை. டி.எஸ்.ஹெச்.சை அளக்கும் இயந்திரங்களுக்கிடையே வேறுபாடு உண்டு. ஒரே மனிதரிடமே விடியற்காலை மதிப்பு பிற்பகல் மதிப்பைவிட அதிகமாக இருக்கும். எங்கள் மருத்துவரும் காத்திருக்கலாம் என்றே முடிவு செய்தார்.

ரத்தம் எடுக்கும் முன்பு அவர்கள் கேட்ட ஒரு கேள்வியையும் இங்கே சொல்ல வேண்டும். முடி உதிர்வுக்கோ நகத்துக்கோ பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் இறுகப் பிணைவதைப் பயன்படுத்தும் கருவிகளில், ரத்தத்தில் மிகுந்திருக்கும் பயோட்டின் டி.எஸ்.ஹெச்.சைப் பொய்யாகக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டக்கூடும். ஆரோக்கியமானவர் தைராய்டு மிகைநோயாளி போலத் தெரிவார். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதனால் பொய்யாகக் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது. அழகு நிலையத்திலும் மருந்துக் கடையிலும் சீட்டில்லாமலே பயோட்டின் கிடைக்கும் இந்நகரில் இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆய்வகமும் கேட்டாக வேண்டும்.

ரத்தம் எடுக்கும் கைகளைப் பற்றி ஒரு பத்தி. வந்தவர்களைச் சில நிமிடங்கள் அமர வைத்த பிறகே எடுக்கிறார்கள். அம்மாவுக்கு நரம்பு கிடைப்பது கடினம். கையை இறுக்க மூடி மூடித் திறக்கச் சொல்வதுதான் பலரின் பழக்கம். இங்கே எடுத்த பெண், "பாட்டி, கையை இறுக்கி மூட வேணாம், லேசா வச்சுக்கங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அப்படி இறுக்கி மூடினால் தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறி மதிப்பு உயர்ந்து காட்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரத்தம் வரத் தொடங்கியதும் கட்டைத் தளர்த்தினார், குழாய்களைக் குலுக்காமல் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினார், சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாயில் எடுத்தார். பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சாம்பல் மூடிக் குழாயிலுள்ள ஃப்ளோரைடும் உடனே முழுமையாக வேலை செய்வதில்லை என்பதால் விரைவில் சுழற்றிப் பிரிப்பதே சரி. எடுத்த அறைக்கு அடுத்த அறையிலேயே இயந்திரம் இருப்பது இங்குள்ள பெரிய வசதி. பெங்களூரின் போக்குவரத்தில் இருசக்கர வாகனப் பையில் மணிக்கணக்காகப் பயணம் செய்த குழாயில் சர்க்கரை குறைந்தும் பொட்டாசியம் கூடியும் இருந்தால், வலப்புறத்தில் எவ்வளவு சரியான வரம்பு அச்சாகியிருந்தாலும் பயனில்லை.

ஆனால் இந்த ஆய்வகத்தின் மேல் எனக்கு மதிப்பு உறுதிப்பட்டது, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ஒன்றால். அம்மாவுக்கு அது எப்போதும் 0.7 அளவில் இருக்கும். ஒருமுறை 1.0 வந்தது. பெண்களுக்கான வரம்பு 0.6 முதல் 1.1 வரை என்பதால் எந்தக் கணினியும் அதைக் குறிக்காது, சிவப்பு அம்பும் வராது. ரிப்போர்ட் வருவதற்கு முன் பொறுப்பு மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், அம்மாவுக்குப் புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சிருக்கீங்களா? முழங்கால் வலிக்கு, உடம்பு வலிக்கு, அந்த மாதிரி?" என்று கேட்டார். ஆரம்பித்திருந்தோம். வலி மாத்திரைதான். "ரிப்போர்ட்டை உடனே டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு எதையும் தாமாகச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். சிறுநீரக வடிகட்டும் திறனைக் கணக்கிடும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால், அவர் வயதில் 0.7 என்பது 86 அளவிலும் 1.0 என்பது 56 அளவிலும் வரும். கிரியேட்டினின் எண்கள் இரண்டும் வரம்புக்குள்தான், ஆனால் அவற்றுக்கிடையே இருப்பது மூன்றிலொரு பங்கு திறன். மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பிறகு பார்த்தபோது 0.8-க்கு இறங்கியிருந்தது.

வரம்பு என்பது கூட்டத்தாருடையது. ஒரு தனி மனிதரின் கிரியேட்டினின் அந்த அகலமான வரம்புக்குள் தனக்கென ஒரு குறுகிய தடத்தில்தான் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவரிடமே இயல்பாக ஏற்படும் ஏற்றத்தாழ்வையும் இயந்திரத்தின் பிழையையும் சேர்த்துக் கணக்கிட்டால், கிரியேட்டினினில் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு மேற்பட்ட மாற்றத்தைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. அம்மாவுக்கு வந்த மாற்றமோ 40 சதவீதத்துக்கும் மேல். இங்கே ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் முந்தைய மதிப்புகளைத் தேதியோடு பக்கத்தில் அச்சடிக்கிறார்கள் என்பதாலும், மாற்றம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கணினி மருத்துவரை நிறுத்திக் கேட்கும்படி அமைத்திருக்கிறார்கள் என்பதாலும்தான் அந்த அழைப்பு வந்தது. டி.எஸ்.ஹெச். போன்றவை ஒருவரிடமே பெரிதாக ஏறி இறங்குபவை; அங்கே ஒற்றை மாற்றத்தைக் கண்டு பதறத் தேவையில்லை. எந்தப் பரிசோதனைக்கு எது பொருந்தும் என்ற இந்த வேறுபாட்டை அறிந்தவர் ரிப்போர்ட்டில் கையெழுத்திடுவது நோயாளிக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

ரிப்போர்ட்டின் அமைப்பையும் பாராட்டுகிறேன். சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி., கொழுப்பு ஆகியவற்றுக்கு அவர்கள் மேற்கோள் வரம்பு என்று போடுவதில்லை. மருத்துவ முடிவுக்கான எல்லைகள் என்று தனித் தலைப்பிட்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை 126, ஹெச்.பி.ஏ1சி. 6.5 என்று தருகிறார்கள். அந்த எண்கள் ஆரோக்கியமானவர்களின் நடு 95 சதவீதத்திலிருந்து வந்தவை அல்ல. எந்த அளவுக்கு மேல் கண்ணின் விழித்திரை பாதிப்புறுவது கூடுகிறது என்ற ஆய்வுகளிலிருந்து வந்தவை. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து அச்சிடும் வழக்கம் மருத்துவம் படித்தவர்களையே குழப்பும். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்பட்டதா, 1972-இல் ஃப்ரீட்வால்ட் என்பவர் தந்த சூத்திரத்தால் கணக்கிடப்பட்டதா என்பதையும் அடியில் குறிக்கிறார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் கணக்கிட்ட மதிப்பைத் தருவதே இல்லை.

தர அங்கீகாரத்தைப் பொறுத்தவரை, நம் நாட்டில் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். வழங்கும் ஐ.எஸ்.ஓ. 15189 சான்று ஆய்வகங்கள் விரும்பிப் பெறுவது. அது ஆய்வகம் செய்யும் எல்லாப் பரிசோதனைகளுக்கும் பொருந்திவிடாது, பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டுமே. பட்டியலில் இல்லாதவற்றுக்கு இங்கே நட்சத்திரக் குறி இடுகிறார்கள். வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித்தர மதிப்பீட்டிலும் பங்கேற்கிறார்கள். மதிப்பு தெரியாத மாதிரி ஒன்றைப் பரிசோதித்து அனுப்பி, நாடெங்கும் உள்ள மற்ற ஆய்வகங்களோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. கேட்டால் காட்டுகிறார்கள்.

குறைகளும் உண்டு. எதிர்வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அல்கலைன் பாஸ்பேட்டேஸ் பார்த்தபோது பெரியவர்களுக்கான வரம்பையே அச்சடித்து, அதிகம் என்று குறித்துவிட்டார்கள். எலும்பு வளரும் வயதில் அந்த நொதி பெரியவர்களைவிடப் பன்மடங்கு இருப்பது இயல்பு. கல்லீரல் நோயோ என்று பெற்றோர் ஓரிரவு முழுவதும் கலங்கினார்கள். சுட்டிக்காட்டியதும் திருத்திய ரிப்போர்ட் தந்தார்கள் என்றாலும், வரம்புகளில் இவ்வளவு கவனம் காட்டும் இடத்தில் குழந்தைகளுக்கான வரம்புகள் விடுபட்டது பெரிய குறைதான். வைட்டமின் டி-க்கு 30-க்குக் கீழ் போதாது என்று மட்டும் அச்சிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2011-இல் 20 போதும் என்றது. ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி அதே ஆண்டு 30 என்றது, 2024-இல் அந்த எல்லையைத் தானே கைவிட்டது. அறிஞர்கள் ஒத்துப்போகாத இடத்தில் அந்த வேறுபாட்டையே ஒரு வரியில் எழுதிவிடலாம். குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது, தமிழும் கன்னடமும் பேசும் முதியவர்கள் நிறைந்த அல்சூரில் பொருத்தமாக இல்லை. மின்தூக்கி இல்லாத படிகள் மூட்டுவலிக்காரர்களுக்குச் சிரமம்.

கட்டணம் தள்ளுபடி பேக்கேஜ்களைவிடக் கூடுதல்தான். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை முழு ஆரோக்கியமான ஒருவருக்குச் செய்தால், வரம்பின் வரையறைப்படியே, ஒன்றாவது வரம்புக்கு வெளியே வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு. எண்பது தொண்ணூறு பரிசோதனைகளை ஒரே விலையில் தரும் பேக்கேஜில் சிவப்பு அம்பு வராமலிருந்தால்தான் வியப்பு. அந்த அம்புகளைத் துரத்திக்கொண்டு மருத்துவர்களையும் ஸ்கேன்களையும் தேடி அலையும் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே பொறுப்பு மருத்துவர், சீட்டில் மருத்துவர் எழுதியதை மட்டும் செய்யச் சொல்கிறார். கூடுதலாகக் கேட்பவர்களிடம் எதற்காக என்று விசாரிக்கிறார்.

நீரிழிவு, சிறுநீரகம், தைராய்டு என்று ஆண்டுக்கணக்கில் ஒரே பரிசோதனையைத் தொடர்ந்து பார்க்க வேண்டியவர்களுக்கும் முதியவர்களுக்கும் இந்த ஆய்வகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் வயதுக்கேற்ற வரம்பு போடப்பட்டிருக்கிறதா என்று ரிப்போர்ட்டை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் போகிறவர்கள் எட்டு மணிக்குள் சென்றால் காத்திருக்க வேண்டியிருக்காது. பழைய ரிப்போர்ட்டுகள் வேறு ஆய்வகத்தில் எடுத்தவையாக இருந்தாலும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முந்தைய மதிப்புகளையும் அவை எந்த முறையில் அளக்கப்பட்டன என்பதையும் பார்த்துக் கோப்பில் ஏற்றிக்கொள்கிறார்கள்.